பத்தாவது முன்மொழிவு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஐஸ் தொழிற்சாலையில் மோட்டார் பார்க்கும் வேலை. பம்பு நிலையத்தில் தண்ணீரை ஓட விட்டவனுக்கு இப்போது அதை உறைய வைக்கும் உத்தியோகம். அறையில் ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிகிறது. மாவட்டத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது என்ற உத்தரவு முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஒன்பது நாள் வேலைநிறுத்தத்துக்கு ஒன்பது மாதம் ஊர்விலக்கம். நாளுக்கு ஒரு மாதம் என்று தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பொதுத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். நான் நிற்கப் போகிறேன். சிரிக்காதே.

நம் தொகுதியில் முப்பது வருடமாக ஆளுங்கட்சியை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘போட்டியின்றித் தேர்வு’. உனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. ஒரு தடவையாவது ஓட்டுப் போட்டிருக்கிறாயா? வாக்குச்சீட்டு என்ன நிறம் என்றாவது தெரியுமா? எனக்கும் தெரியாது.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். வேட்பாளர் நேரில் வர வேண்டியதில்லை. தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து மனுவில் ஒப்பமிட்டால் போதும். பத்தில் ஒன்று குறைந்தாலும் மனு செல்லாது. அந்தப் பத்துப் பேரை நீதான் தேடித் தர வேண்டும். பயப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்தாதே. நீயும் போட வேண்டாம். அரசு மருத்துவமனை வேலை, எதற்கு வம்பு? வேறு யாருமே கிடைக்காவிட்டால் அப்போது பார்க்கலாம்.

மனுத்தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். மடிக்காமல் வை.

உன் தம்பி

*

ஜனவரி 19

என் நெஞ்சில் என்றும் நிறைந்திருக்கும் இளவலுக்கு,

உன் நலம் நாடி உன் தமக்கை வரையும் மடல். இவ்விடம் நலம். அவ்விடத்து நலனை விரிவாக எழுதுக. முழங்கால் வலியைப் பற்றி வினவியிருந்தாய். அது தன் கடமையில் ஒருநாளும் தவறுவதில்லை.

நான் சிரிக்கவில்லை. உன் மடலை இருமுறை வாசித்தேன். பின்னர் கதவைத் தாழிட்டுவிட்டு மூன்றாம் முறை வாசித்தேன்.

பணி முடிந்த பின் நாள்தோறும் இரண்டு வீடுகள் என்ற ஒழுங்கில் சென்றேன். நெட்டையனும் உன்னோடு பம்பு நிலையத்தில் இருந்த வேறு நால்வரும் மறுபேச்சின்றி ஒப்பமிட்டனர். கடிகாரம் பழுதுபார்ப்பவர் தம் கண்ணில் பொருத்திய உருப்பெருக்காடியோடு மனு முழுவதையும் படித்துவிட்டு, “எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லை, போட்டுடலாம்” என்றார். துணி தேய்ப்பவர் தலையை ஆட்டி மறுத்தார். உள்ளிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “அவரு ஓட்டுக்கு அவரு பயப்படட்டும். என் ஓட்டுக்கு நான் பயந்துக்கறேன். பேனாவைக் கொடுங்க” என்றார். மருத்துவமனைச் சமையற்காரரும் இசைந்தார்.

ஒன்பதாமவர் சைக்கிள் கடைக்காரர். அவருடைய மைத்துனர் ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் என்பதை நீ அறிவாய். அதனால் தயங்கியபடியே சென்றேன். “மச்சான் வேற, மனசாட்சி வேறம்மா. எங்க வைக்கணும்?” என்றார். அவர் எழுத்தறியாதவர். விரலில் மசகு படிந்திருந்ததால் துடைத்துவிட்டுப் பெருவிரலை ஊன்றச் செய்தேன். கல்வி எத்துணை அருமையானது என்பது அவ்வேளையில் மீண்டும் என் மனத்தில் பதிந்தது.

பத்தாமவர்தான் கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர், சுட்ட சட்டியைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். ஆகவே பத்தாவதாக நானே ஒப்பமிட்டேன். வேண்டாம் என்று நீ எழுதியதை மறக்கவில்லை. ஆயினும், பிரசவ வார்டின் தரையைத் துடைக்க வந்து, மருந்துப் புட்டிகளின் சீட்டுகளை எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்து, இன்று இவ்வூரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் பதிவேட்டில் எழுதுபவள் நான். ஒரு நல்ல காரியத்தின் தாளில் என் பெயர் இருக்கட்டும் என்று விரும்பினேன். என் பெயரையும் தந்தையார் பெயரையும் சுருக்காமல், ஒரு சுழியும் சிதையாமல் எழுதியிருக்கிறேன். பார்த்து மகிழ்க.

குளிரில் வெறுங்காலோடு நில்லாதே.

என்றும் உன் நலம் விழையும்,
தமக்கை

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ‘இளவல்’ என்று உறையின் மேலும் எழுதாதே, தாயே. தபால்காரர் என்னை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மனுவைப் பார்த்தேன். உன் கையெழுத்துதான் அந்தத் தாளுக்கே அழகு. மற்ற ஒன்பதும் அதற்குப் பக்கத்தில் கல்யாண வீட்டுக்கு அழுக்குச் சட்டையோடு வந்தவை மாதிரி நிற்கின்றன. என் ஒப்பத்தையும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டேன். மனு ஏற்கப்பட்டால் பிரசாரத்துக்காக ஊர்விலக்க உத்தரவைத் தளர்த்தச் சொல்லி வழக்குப் போடலாமாம். கிடைக்கும் என்று நம்பிக்கையாகச் சொல்கிறார். அப்படியானால் மார்ச் முதல் வாரம் நான் நம் வீட்டில் இருப்பேன். என் கட்டிலில் அடுக்கி வைத்திருக்கும் பழைய தாள்களை எடுத்துவிடு.

ஜெயிப்பேன் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு வாக்குப்பெட்டி வைக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். முந்நூறு ஓட்டு எனக்கு விழுந்தால்கூட, முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது ஒவ்வொருத்தரும் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தாம் தேதி பரிசீலனை. நீயும் சைக்கிள் கடைக்காரரும் மனுவோடு போங்கள். அவருக்குப் பேச்சு வரும், உனக்கு எழுத்து வரும். யாராவது மிரண்டு போய் ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். பத்தில் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமறிய ஆவல்.

மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது. பத்தாம் தேதி நடந்த பரிசீலனையில் உன் மனு ஏற்கப்படவில்லை. முன்மொழிந்தோருள் ஒருவரின் ஒப்பம் வாக்காளர் பதிவேட்டில் உள்ள பதிவோடு பொருந்தவில்லை எனச் சுட்டப்பட்டது. நேர்செய்துகொள்ளப் பிற்பகல் மூன்று மணி வரை அவகாசம் தரப்பட்டது. அது பயன்படுத்திக்கொள்ளப்படவில்லை. ஆளுங்கட்சி வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிப்பு ஒட்டப்பட்டது. வாசலில் வெடி வெடித்தார்கள்.

கட்டிலில் இருந்த தாள்களை முன்பே எடுத்துவிட்டிருந்தேன்.

உடல்நலம் பேணுக.

தமக்கை

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

யார் அந்த ஒருவர்? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஆளே இல்லை. நீ அந்த அறையில் இருந்தாய். உனக்குத் தெரியாமல் இருக்காது.

நெட்டையன் எழுதியிருக்கிறான். ஆளுங்கட்சி முகவர் வெளியே வந்து, “எங்களை ஏன்ப்பா முறைக்கிறீங்க? உங்க ஆளுங்களையே கேளுங்க” என்று சிரித்தாராம். நெட்டையன் யாரென்று கேட்டதற்கு, சைக்கிள் கடைக்காரர் முந்திக்கொண்டு, “விடுப்பா, யாரா இருந்தா என்ன, முடிஞ்சு போச்சு” என்றாராம். முடிந்து போச்சா? யாருக்கு முடிந்து போச்சு? மச்சான் கட்சிக்காரன் என்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ரேகையை வேண்டுமென்றே கோணலாக வைக்க எவ்வளவு நேரமாகும்?

உன்னைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டேன். அவரா, இல்லையா? ஒரே ஒரு வார்த்தை எழுது. தபாலுக்கு நான்கு நாள். இருபத்தேழாம் தேதி வரை பொறுத்திருப்பேன்.

தம்பி

*

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலமா? எனக்குச் சில நாள்களாகக் காய்ச்சல். ஆதலால் தாமதம். இப்போது தணிந்துவிட்டது.

உன் வினாவிற்கு விடை. எவர்மீதும் குற்றம் சுமத்துவதற்குரிய சான்று என்னிடம் இல்லை. நடந்தது நடந்துவிட்டது. பெருந்தன்மையே பெரியோர்க்கு அணி.

நீ நெட்டையனுக்கு எழுதிய கடிதம் பம்பு நிலையத்தில் உரக்கப் படிக்கப்பட்டதாக அறிந்தேன். சைக்கிள் கடைக்கு இப்போது எவரும் போவதில்லை. சக்கரத்தில் காற்று இறங்கினால் தள்ளிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். கடையின் மடக்குக் கதவில் தார் கொண்டு ‘துரோகி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் அதை அழிக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை.

வார்டில் இம்மாதம் இரட்டைக் குழந்தைகள் இருமுறை பிறந்தன. வேறு செய்தி இல்லை.

தமக்கை

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுவதும் விட்டதா? வெந்நீர் குடி. இருபத்தேழாம் தேதிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நெட்டையனுக்கு எழுதினேன். இப்போது உன் கடிதமும் வந்துவிட்டது. நீ ‘இல்லை’ என்று எழுதவில்லை. உனக்கு யாரையும் பழித்துப் பேச வராது என்று எனக்குத் தெரியும். புரிந்துகொண்டேன். நான் எழுதியதில் தப்பில்லை.

இந்த ஊரில் மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. என் பெயர் நம் ஊர்ப் பதிவேட்டில் இருப்பதால் எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் எதிரே நின்று வரிசையைப் பார்த்தேன். இங்கும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நிற்கிறார்கள். ஒரு அம்மா வெளியே வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம், “அவனுங்களுக்கு இல்லடி, குத்திட்டு வந்துட்டேன். இனி எது வேணா நடக்கட்டும்” என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னாள். வாக்குச்சீட்டு வெளிர்மஞ்சள் நிறமாம். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாடு முழுவதும் நான்கில் மூன்று பங்கு இடம் அவர்களுக்கு. மூன்றில் ஒரு பங்கு தொகுதியில் ஓட்டே நடக்கவில்லை. நம்முடையது அதில் ஒன்று.

துரோகம் செய்தவன் கடைக் கதவில் தார் ஒட்டியிருப்பது எனக்கு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நேரத்திற்கு உண்கிறாயா? உறங்குகிறாயா? இதைக் கேட்கும் தகுதியை இழந்த பின்னும் கேட்கிறேன்.

பொருந்தாத ஒப்பம் என்னுடையது.

சைக்கிள் கடைக்காரர் சென்ற வாரம் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பட்டறை மேசை, காற்றடிக்கும் குழல், கழற்றிய சக்கரங்கள், மனைவி, மகள் எல்லாம் ஒரே வண்டியில். அந்த வண்டி மருத்துவமனை வாசலைக் கடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்கு மேல் என்னால் எழுதாமல் இருக்க இயலவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வாக்காளராகப் பதிந்தபோது எனக்கு எழுதத் தெரியாது. நீ எட்டு வயதுப் பிள்ளை. உனக்கு நினைவிராது. பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருப்பது என் பெருவிரல் ரேகை. எழுத்தறிந்த பின் அதை மாற்றிக்கொள்ள ஒரு படிவம் உண்டாம். ஓட்டே நடக்காத ஊரில் அப்படிவத்தை எவர் கேட்டார்? அந்த ரேகையை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்தல் அதிகாரியின் அறையில் அவர், அவருடைய எழுத்தர், ஆளுங்கட்சி முகவர், சைக்கிள் கடைக்காரர், நான் ஆகிய ஐவர் மட்டுமே இருந்தோம். அதிகாரி பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பெரிய விஷயம் இல்லம்மா. நீங்களே நேர்ல வந்திருக்கீங்க. இந்தத் தாள்ல ஒரு கைநாட்டு வைங்க. பதிவேட்டோட ஒத்துப் பார்த்துட்டு, அப்போ எழுதத் தெரியாது, இப்போ தெரியும்னு ஒரு வரி எழுதிடறேன். மனு செல்லும்” என்றார்.

முகவர் சிரித்தார். அவருடைய மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதியவள் நான். “அடேங்கப்பா! ஊருக்கே பேரு எழுதற அம்மா கைநாட்டா? இத்தனை நாள் தெரியாமப் போச்சே!”

நான் எழுதிய ஒப்பமே என் ஒப்பம், வேறொன்றும் வைக்க மாட்டேன் என்றேன். அதிகாரி மூன்று முறை எடுத்துச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

வெளியே விசிப்பலகையில் அமர்ந்திருந்தோம். “ஒரு விரல்தானம்மா. வச்சுட்டுக் குழாயடியில கழுவினா மை போயிடும்” என்றார் சைக்கிள் கடைக்காரர். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன், தம்பி. முகவர் வாசற்படியில் நின்றுகொண்டு தம் பெருவிரலை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். திரும்பவும் அமர்ந்துவிட்டேன்.

மற்றதை நீ அறிவாய். நெட்டையன் யாரென்று கேட்டபோது சைக்கிள் கடைக்காரர் என்னை முந்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் மனுத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மார்ச்சில் வீட்டுக்கு வர விடாமல் செய்தது ஆளுங்கட்சி அன்று, நான். என்னை மன்னிக்கும்படி கேட்கிறேன்.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

உத்தரவை இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் காகிதம் வந்துவிட்டது. அதனால் ஜூலையில் வர மாட்டேன். முன்பென்றால் சுவரில் முட்டிக்கொண்டிருப்பேன். இப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டியது ஆறு மாதம் தள்ளிப் போனதில் ஒரு நிம்மதி. இதை எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று நீ எழுதியிருந்தால் அன்றே விட்டிருப்பேன். எல்லாருக்கும் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. நீ பயப்படவே இல்லை. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் மேல் சேற்றை வாரி அடித்தது என் கை. அதை உன் தலையில் போட மாட்டேன். எல்லாருக்கும் உண்மையைப் படித்துக் காட்டச் சொல்லி நெட்டையனுக்கு எழுதினேன். நீ அவனுக்கு முன்பே பம்பு நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டாயாமே. நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாயாம். முதல் வரியிலேயே நிறுத்தி, தாளைக் கீழே வைத்துவிட்டு, “நான்தான். அவரு இல்ல” என்றாயாம். ஷிப்டுக்கு மணி அடித்தது, எழுந்து போய்விட்டோம் என்று எழுதியிருக்கிறான்.

உன் கடிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த அறையில் அதிகாரி பேசுகிறார், முகவர் பேசுகிறார், நீ பேசுகிறாய். சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். அவ்வளவு பேசுகிற மனிதர் உள்ளே ஏன் ஊமையாக இருந்தார்? அவரைப் பற்றி ஏதாவது சொன்னாயா?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருடைய மச்சானிடம் நெட்டையன் முகவரி வாங்கியிருக்கிறான். கீழே எழுதியிருக்கிறேன். என்னிடம் கேட்ட மன்னிப்பை அவரிடம் கேள்.

தம்பி

*

மே 20

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் மனைவியாரும் மகளும் நலமாக இருக்கிறீர்களா? புதிய ஊரில் கடை அமைந்ததா? நான் நலமே.

இக்கடிதத்தைப் பலமுறை அழகாக எழுதிக் கிழித்துவிட்டேன். இது அழகாக இராது.

அன்று அதிகாரி உங்களைக் காட்டி, “இதோ, இவரு வச்சிருக்காரே, அது மாதிரிதான்” என்றார். அப்போது நான் சொன்னது இது: “இவரும் நானும் ஒண்ணா? எழுத்து தெரியாதவங்களோட என்னை ஒரே வரிசையில நிறுத்தாதீங்க.”

மேசைமேல் இருந்த உங்கள் கையை நீங்கள் கீழே இறக்கிக்கொண்டீர்கள். அதன் பின்னும் வெளியே வந்து என் மானத்தைக் காத்தீர்கள். என் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் நடந்த அனைத்தையும் எழுதிவிட்டு, இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவன் கண்டுபிடித்துவிட்டான்.

உங்கள் பழைய கடையின் கதவை மண்ணெண்ணெய் கொண்டு நானே துடைத்தேன். தெருவில் எல்லோரும் நடமாடும் முற்பகல் வேளையில்தான் துடைத்தேன். எவரேனும் கேட்டால் காரணத்தையும் சொன்னேன். தார் போய்விட்டது. அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது.

நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. மன்னிக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன். இரண்டு வரி எழுதச் செய்து அனுப்புங்கள்.

தங்கள்,
பிரசவ வார்டுப் பதிவேட்டுக்காரி

*

ஜூன் 16

அம்மாவுக்கு,

இங்கே மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். இவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல்லும் நானாகச் சேர்க்கவில்லை.

வணக்கம்மா. நாங்க நல்லா இருக்கோம். உங்க முழங்கால் எப்படி இருக்கு? படி ஏறாதீங்க.

உங்க கடிதத்தை மருந்துக்கடை அம்மாதான் படிச்சுக் காட்டினாங்க. அப்போ கடையில நாலு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. ‘இவரும் நானும் ஒண்ணா’ன்னு வந்ததும் ஒருத்தரு சிரிச்சுட்டாரு. மிச்சத்தை அவங்க போனப்புறம் படிச்சோம்.

அந்த வார்த்தை எனக்கு ஒண்ணும் புதுசு இல்லம்மா. சின்ன வயசிலேருந்து விதவிதமாக் கேட்டாச்சு. நீங்களாவது ‘தெரியாதவங்க’ன்னு மரியாதையாச் சொன்னீங்க. எம் பொண்ணு பொறந்தப்போ அவ பேரை எழுதிட்டு, நோட்டை எம் பக்கம் திருப்பி, ‘சரியா இருக்கா பாருங்க’ன்னு கேட்டீங்க. என்னை அப்படி யாருமே கேட்டதில்ல. நானும் உத்துப் பார்த்துட்டு, ‘சரியா இருக்கு’ன்னு சொன்னேன். நீங்க சிரிக்கல. அதுக்காகத்தான் அன்னைக்கு நெட்டையன் கேட்டதும் உங்களுக்கு முன்னாடி நான் வாயைத் திறந்தேன். உங்க தம்பி மேலயும் எனக்குக் கோபம் இல்ல. தெரியாமப் பண்ணினதுதானே.

ஆனா ஒண்ணு கேக்கணும். யாரும் வராத கடையை நான் ஆறு வாரம் திறந்து வச்சு உக்காந்திருந்தேன். நீங்க தினமும் வேலைக்கு அந்த வழியாத்தான் போவீங்க. அதுவரைக்கும் கடையை ஒட்டித்தான் போவீங்க, ‘என்னங்க, கடை எப்படி?’ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்க. அந்த ஆறு வாரமும் எதிர்ப்பக்கமா நடந்தீங்க. அறைக்குள்ள வாய் தவறிடுச்சு, சரி. கால் எப்படிம்மா தினமும் தவறும்? உங்க கடிதத்துல அது எங்கயாவது வருதான்னு இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். வரல.

மன்னிப்பு அது இதெல்லாம் பெரிய வார்த்தை. நான் திட்ட மாட்டேன், அது நிச்சயம். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

கடை பரவாயில்ல. என் பேரை இந்த ஊருப் பதிவேட்டுக்கு மாத்திக்கிட்டேன். தம்பி அடுத்த தடவை நின்னார்னா அங்க என்னால விரல் வைக்க முடியாது. முன்கூட்டியே வேற ஆளைப் பார்த்து வச்சுக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணும்மா. இனிமே கடிதம் போடாதீங்க. உங்க கடிதம் வந்தா நான் யாரு கையிலயாவது கொடுத்துத்தான் படிச்சாகணும். இந்தம்மா நல்லவங்கதான், ஆனா நாலு பேரு வந்து போற கடை. அந்த ஊருல நடந்தது நடந்து போச்சு. இந்த ஊருலயாவது உங்க பேரு நல்லபடியா இருக்கட்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்